பீட்டர் ஸ்னெல் நிஜமாகவே வாரம் 160 கி.மீ. ஓடினாரா? 800 மீட்டர் ஓடுபவருக்கு அது தேவையா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 20. 800 மீட்டர் 1:58 (ஒரு நிமிடம் 58 விநாடி), 400 மீட்டர் 51.5 விநாடி. வாரத்துக்கு 40 கி.மீ. ஓடுகிறீர்கள், அதில் பெரும்பகுதி கிரவுண்டில் 200, 400 ரிபிடிஷன், அதாவது அதே தூரத்தை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடுவது. நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் வாரம் 160 கி.மீ. ஓடி 800 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். உங்கள் கோச்சோ, "800 ஓடுறவனுக்கு லாங் ரன் எதுக்கு, ஸ்பீடு செத்துடும்" என்கிறார். ஸ்னெல் அப்படி ஓடியது உண்மையா, அதனால்தான் ஜெயித்தாரா, நானும் ஓடலாமா என்று கேட்டுவிட்டு, அவர் வாழ்க்கை எப்படிப் போனது என்றும் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். ஓடினார், ஆனால் வருடம் முழுக்க அல்ல. ஜெயித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, எல்லாமே அதுதான் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு 160 வேண்டாம். அவர் எதற்குப் பிறகு எதைச் செய்தார் என்ற வரிசைதான் வேண்டும். இனி விவரம்.

ஸ்னெல் பிறந்தது 1938 டிசம்பர் 17, ஒபுனாகே என்ற கடலோரச் சிற்றூரில். பள்ளியில் அவருடைய முதல் விளையாட்டு டென்னிஸ். ஜூனியர் அளவில் தேசியப் போட்டி வரைக்கும் ஆடியவர். ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டது 19 வயதில். அதாவது உங்களைவிட ஒரு வயதுதான் முன்னால். ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். லிடியார்ட் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், உடலியல் படித்தவர் அல்ல. தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கி, வாரம் இத்தனை மைல் ஓடினால் என்ன ஆகிறது என்று பல வருடம் ஓடிப் பார்த்து, 100 மைல், அதாவது 160 கி.மீ. என்ற கணக்குக்கு வந்தவர். ஸ்னெல்லின் ஸ்பீடைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதன் சாரம்: ஸ்பீடு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கடைசி வரை தாங்கிப் பிடிக்கும் ஸ்டாமினாதான் இல்லை. ஸ்னெல் அப்போது குவான்டிட்டி சர்வேயர், அதாவது கட்டட வேலைக்கான பொருளையும் செலவையும் கணக்கிடும் வேலையில் இருந்தார். பகலெல்லாம் அலுவலகம், சாயங்காலம் ஓட்டம். அமெச்சூர் காலம், ஓடிக் காசு பார்க்க வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வைட்டாகெரே மலைத்தொடரில், வையடாருவா வழியாகச் சுற்றி வரும் 22 மைல், ஏறத்தாழ 35 கி.மீ. ஏற்றமும் இறக்கமுமான பாதை. மாரத்தான் ஓடுபவர்களும் 5000 ஓடுபவர்களும் 800 ஓடுபவரும் ஒன்றாகவே போவார்கள். மற்ற நாட்களில் 10 முதல் 18 மைல் வரை மாறி மாறி. ஸ்னெல் சிறிய உடம்புக்காரர் அல்ல. உயரம் 179 செ.மீ., எடை 80 கிலோவை ஒட்டி. அந்த எடையைத் தூக்கிக்கொண்டு அந்த மலையை முதல்முதலாகச் சுற்றி முடித்த அன்று ஆள் நொறுங்கிப்போய்விட்டார். அவர் இதற்கென்றே பிறந்தவர், நமக்கு ஒத்துவராது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பழகத்தான் செய்தார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்கு நான்கு சுற்று, மூன்றே நாளில். ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் இரண்டு, மறுநாள் அரையிறுதி, செப்டம்பர் 2 இறுதி. இந்தக் கணக்கைக் கவனியுங்கள். அப்போதைய உலக சாதனை பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் கையில், 1:45.7. ஸ்னெல்லைப் பந்தயத்துக்கு முன் வெளியில் பெரிதாக யாருக்கும் தெரியாது. கடைசி நேர்கோட்டில் மோன்ஸ் முன்னால் போகிறார், ஸ்னெல் உள்பக்கத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். மோன்ஸ் லேசாக வெளியே நகர, உள்கோட்டை ஒட்டி ஒரு ஆள் நுழையும் இடைவெளி விழுகிறது. மோன்ஸ் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஸ்னெல் வந்துகொண்டிருந்தது இடது பக்கம். 1:46.3, மோன்ஸ் 1:46.5. தான்தான் ஜெயித்தோமா என்று ஸ்னெல்லுக்கே உடனே தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அதே லிடியார்டிடம் பயிற்சி எடுத்த மரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 800 ஓடுபவரும் 5000 ஓடுபவரும் ஒரே அடித்தளத்தில் தயாரானவர்கள். 800 ஓடுபவருக்கும் நீண்ட ஓட்டம் வேண்டுமா என்ற விவாதம் கிளம்பியது அங்கேதான்.

ரோம் இறுதியில் ஓடியவர்களில் குறுந்தூர வேகம் குறைந்தவர் ஸ்னெல்தான், ஆனால் நான்காவது ஓட்டத்தில் களைப்புக் குறைந்தவரும் அவர்தான் என்று லிடியார்ட் பல மேடைகளில் சொல்லி வந்தார். இதன் முதல் பாதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கோச் சொன்ன பேச்சு. எல்லோரையும் ஒரே நாளில் 200 ஓடவிட்டு டைம் எடுத்துச் சொன்னதல்ல. இரண்டாம் பாதிக்கு மட்டும் பந்தய அட்டவணையே சாட்சி: மூன்று நாளில் நான்கு 800 ஓடிய பிறகு கடைசி 50 மீட்டரில் வேகம் குறையாமல் வருவது 200 மீட்டர் ஸ்பீடால் மட்டும் நடக்காது.

அடுத்து 1961 டிசம்பர். இந்த 800 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் ஒரு முழு மாரத்தான் ஓடினார், 2 மணி 41 நிமிடம். அதிலிருந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1962 ஜனவரி 27 அன்று வாங்கனூயி ஊரின் குக்ஸ் கார்டன்ஸ் மைதானத்தில் ஒரு மைல் 3:54.4. ஹெர்ப் எலியட்டின் உலக சாதனை 0.1 விநாடியில் போனது. அது புல்தரை டிராக். ஒரு வாரம் கழித்து பிப்ரவரி 3, கிறைஸ்ட்சர்ச், மறுபடியும் புல்தரை: 800 மீட்டர் 1:44.3, அதே ஓட்டத்தில் 880 கெஜம் 1:45.1. இரண்டும் உலக சாதனை. மோன்ஸின் 800 சாதனையிலிருந்து ஒரே தாவலில் 1.4 விநாடி கழிந்தது. அந்த 1:44.3 நியூசிலாந்தின் தேசிய சாதனையாக 2024 வரை, 62 வருடம், நின்றது. நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு: 1976 மாண்ட்ரியல் இறுதியில் ஸ்ரீராம் சிங் ஓடிய 1:45.77 இந்தியச் சாதனையாக 2018 வரை நின்றது. இதை வைத்துப் பழைய ஆட்கள் மட்டும்தான் ஓடினார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். புல்தரையில் ஓடியதால் ஸ்னெல் இழந்தது இத்தனை விநாடி, சிந்தடிக் டிராக் இருந்தால் 1:42 ஓடியிருப்பார் என்றெல்லாம் எழுதுவார்கள். அளந்து சொன்னவர்கள் இல்லை. நியூசிலாந்துக் கோடையில் புல்தரை கெட்டியாக இருக்கும், நம் ஊர் மழைக்கால கிரவுண்டு மாதிரி கால் புதையாது. ஏதோ இழந்திருப்பார், எவ்வளவு என்பது ஊகம்.

1964 டோக்கியோ இன்னும் தெளிவான சாட்சி. எட்டு நாளில் ஆறு ஓட்டம்: 800க்கு மூன்று, 1500க்கு மூன்று. அக்டோபர் 16 அன்று 800 தங்கம் 1:45.1, அக்டோபர் 21 அன்று 1500 தங்கம் 3:38.1. ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் வென்றவர் அதற்கு முன் 1920ல் ஆல்பர்ட் ஹில். ஆண்களில் ஸ்னெல்லுக்குப் பிறகு இன்றுவரை யாரும் இல்லை. அதே நவம்பரில் ஆக்லாந்தில் 1000 மீட்டர் 2:16.6, ஒரு மைல் 3:54.1 என்று இரண்டு உலக சாதனை. அடுத்த வருடமே சரிவு. 1965ல் வெளிநாட்டுப் பந்தயங்களில் வரிசையாகத் தோற்றார், 26 வயதில் ஓட்டத்தை விட்டார். உச்சியில் இருந்த காலம் ஐந்தே வருடம். 800 ஓடுபவரின் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் இவ்வளவுதான் என்பதை உங்கள் வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

விட்ட பிறகு ஒரு சிகரெட் கம்பெனியில் விளையாட்டு விளம்பரப் பிரிவில் வேலை. ஒலிம்பிக் சாம்பியனுக்கு சிகரெட் கம்பெனியில் என்ன வேலை என்று இன்று கேட்போம். அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. 1971ல், 32 வயதில், அதைவிட்டு அமெரிக்காவுக்குப் போய்க் கல்லூரிப் படிப்பை முதலிலிருந்து தொடங்கினார். கலிபோர்னியாவின் டேவிஸில் இளநிலை, பிறகு வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம், பிறகு டல்லாஸில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தில் பல வருட ஆராய்ச்சி. அங்கேயே 2019 டிசம்பர் 12 அன்று, 81வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன், காலமானார். 2017ல்கூட ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டிக்கு வந்து டேபிள் டென்னிஸ் ஆடியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு இந்தப் பிற்பாதிதான் முக்கியம். தன்னை வைத்து லிடியார்ட் செய்தது ஏன் பலித்தது என்பதற்கான பதிலைத் தானே படித்துத் தேடிக்கொண்ட ஓட்டக்காரர் அவர்.

அந்தப் பதில் இது. தசையில் மெதுவாக இயங்கி நீண்ட நேரம் தாங்கும் இழைகள் உண்டு, வேகமாக இயங்கிச் சீக்கிரம் களைக்கும் இழைகளும் உண்டு. நிதானமாக ஓடும்போது உடம்பு முதலில் மெது இழைகளைத்தான் வேலைக்கு எடுக்கும். அவற்றில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். ஒரு மணி நேரம் தாண்டி, ஒன்றரை மணி நேரம் நெருங்கும்போது அது கரைந்து போகிறது. அப்போதும் அதே வேகத்தில் ஓட வேண்டும் என்றால் உடம்புக்கு வேறு வழியில்லை, வேக இழைகளையும் இழுத்துவந்து வேலை வாங்குகிறது. ஸ்பிரிண்ட் அடிக்காமலேயே, தசையில் அமிலம் ஏறாமலேயே, வேக இழைகளுக்கு ஆக்சிஜனை வைத்து வேலை செய்யும் பழக்கம் உண்டாகிறது. தசைத் துணுக்கு எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்து, எந்த இழையில் சர்க்கரை காலியாகிறது என்று 1970களில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதில் முன்னணியில் இருந்த ஃபிலிப் கோல்னிக் பணியாற்றியது ஸ்னெல் முனைவர் பட்டம் வாங்கிய அதே பல்கலைக்கழகத்தில்தான். கடைசி 100 மீட்டரில் உங்களுக்குக் கால் கட்டிப்போவது வேக இழைகள் களைப்பதால்தான். அவற்றை ஸ்பீடு வொர்க்-அவுட்டால் மட்டுமல்ல, நீண்ட ஓட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தாலும் பழக்கலாம் என்பதுதான் ஸ்னெல் சொல்லி வந்தது.

இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரிக்கிறேன். மெது இழை காலியானால் வேக இழை வேலைக்கு வரும் என்பது உறுதி. 800 மீட்டரில் நல்ல ஓட்டக்காரர் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகவே வருகிறது என்பதும் இப்போது பரவலாக ஏற்கப்பட்டது. பாதிக்கும் குறைவு என்று சொன்ன பழைய பாடப்புத்தகக் கணக்கு மாறிவிட்டது. உங்கள் கோச் படித்த காலத்தில் பழைய கணக்குதான் இருந்திருக்கும், அவர் மீது தப்பில்லை. சந்தேகமானது, இந்தப் பலனுக்கு 160 கி.மீ.தான் வேண்டுமா என்பது. 1981ல் 1:41.73 ஓடிய செபாஸ்டியன் கோ பெரும்பாலும் அதைவிடக் குறைவாக ஓடியவர். அவருக்கு அப்பாதான் கோச், வாரத்துக்குள்ளேயே பல வேகத்தில் ஓடவைப்பது அவர் பாணி. 2012 லண்டனில் 1:40.91 ஓடிய டேவிட் ருடிஷாவும் லிடியார்ட் வழியில் வந்தவர் அல்ல. 800ல் இரண்டு வகை ஆள் உண்டு: 400லிருந்து மேலே வருபவர், 1500லிருந்து கீழே வருபவர். ஸ்னெல் இரண்டாம் வகை. முதல் வகை ஆளுக்கு 160 கி.மீ. கொடுத்தால், கோச் பயப்படுகிற மாதிரி ஸ்பீடு மழுங்கவே செய்யும்.

இந்தப் பழைய முறையைப் படித்துவிட்டுச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மூன்று இடத்தில். முதலாவது, 160 என்பதை வருடம் முழுக்க என்று எடுத்துக்கொள்வது. லிடியார்ட் முறையில் அது அடித்தளக் கட்டத்துக்கு மட்டும், சுமார் 10 முதல் 12 வாரம். அடுத்து மேட்டு ஓட்டம் 4 முதல் 6 வாரம். அதற்கடுத்து டிராக்கில் கடுமையான இன்டர்வல் 4 வாரம். பிறகு கூர்தீட்டலும் (பந்தய வேகத்துக்குக் காலைத் தயாராக்கும் குறுகிய ஓட்டங்கள்) டைம் டிரயலும், பந்தயத்துக்கு முன் சில நாள் ஓய்வு. டிராக் கட்டத்தில் கி.மீ. பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும். இரண்டாவது, மெதுவாக ஜாகிங் போனால் போதும் என்று நினைப்பது. லிடியார்ட் கேட்டது திணறாத, ஆனால் முடிக்கும்போது களைப்புத் தெரிகிற வேகம். மூன்றாவது, அடித்தளத்தையும் ஓடிக்கொண்டு கிரவுண்டில் வாரம் மூன்று நாள் 400 ரிபிடிஷனையும் விடாமல் செய்வது. கால் உடைவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

மேட்டு ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடித்தளத்தையும் டிராக்கையும் இணைக்கிற பாலம் அதுதான். எல்லோரும் தாண்டிப் போவதும் அதைத்தான். மேட்டில் வேகமாக ஓடுவது அல்ல. முட்டி உயர, பின்கால் முழுசாக நிமிர, கணுக்காலால் தரையை உதைத்து எழும்பி எழும்பிப் போக வேண்டும். முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும், பார்ப்பவர்களுக்குத் துள்ளிக்கொண்டு நடக்கிற மாதிரி தெரியும். உடம்பு நிமிர்ந்து, பார்வை நேராக, கை தளர்வாக. இடுப்பு தாழ்ந்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் செய்வது தப்பான பழக்கத்தைத்தான் வளர்க்கும். உச்சியில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவோட்டம், இறக்கத்தில் நீண்ட தளர்ந்த அடி, கீழே சமதரையில் 100 மீட்டரை ஒட்டிய வேக ஓட்டம் மூன்று நான்கு. உங்களுக்குத் தேவை 150 முதல் 200 மீட்டர் நீள ஏற்றம். மேம்பாலச் சரிவோ, ஏரிக்கரைக்கு ஏறும் மண்பாதையோ போதும். முதல் வாரம் 4 தடவைக்குமேல் வேண்டாம். கணுக்காலுக்குப் பின்னாலுள்ள அகில்லெஸ் நாண் மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது விறைத்திருந்தால் அடுத்த தடவையைத் தள்ளிப்போடுங்கள். விறைப்போடு துள்ளினால் மூன்று மாதம் உட்கார வேண்டிவரும்.

இப்போது உங்கள் எண்கள். 51.5ஐ இரண்டால் பெருக்கினால் 103 விநாடி. அதோடு 10 முதல் 12 விநாடி சேர்த்தால் 1:53 முதல் 1:55. இந்த ஸ்பீடு இருக்கிற, அடித்தளமும் உள்ள 800 ஓட்டக்காரர் ஓடக்கூடிய டைமிங் இது. நீங்கள் ஓடுவது 1:58. அதாவது அந்த 103க்கும் இதற்கும் இடைவெளி 10, 12 அல்ல, 15 விநாடி. குறைவது ஸ்பீடு அல்ல என்று இந்தக் கணக்கு சொல்கிறது. இது தோராயமான சூத்திரம்தான், பந்தயத்தில் முதல் சுற்றை 55ல் ஓடி இரண்டாம் சுற்றில் விழுபவருக்கும் இதே இடைவெளி வரும். அதனால் கடைசி மூன்று பந்தயங்களின் சுற்று வாரியான டைமிங்கைப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கும் வித்தியாசம் 2, 3 விநாடிக்குள் இருந்தும் 1:58 என்றால் ஸ்டாமினா குறை. 5 விநாடிக்குமேல் என்றால் முதலில் பந்தயம் ஓடும் விதத்தைத் திருத்துங்கள், அதற்கு எந்த லாங் ரன்னும் வேண்டாம்.

ஸ்டாமினா குறை என்று தெரிந்தால், 40லிருந்து 70, 75 கி.மீ.க்குப் போக நான்கைந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 4, 5 கி.மீ.க்குமேல் கூட்டாதீர்கள், ஒவ்வொரு நான்காவது வாரமும் கால்வாசி குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளங்கள்: இப்போது 60 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி 90 நிமிடம் வரை. வாரநாளில் ஒரு தடவை 60, 70 நிமிடம், மற்றவை 35 முதல் 50 நிமிடம். ஓட வேண்டிய வேகம்: உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். 1:58 ஓடுபவருக்கு அது ஒரு கி.மீ.க்கு 4:40 முதல் 5:10 வரை எங்காவது விழும். வெயில் ஏறினால் அதே உழைப்புக்கு 15, 20 விநாடி கூடுதலாகும், வாட்சைப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். ஆறு வாரம் ஆன பிறகு ஞாயிறு ஓட்டத்தின் கடைசி 20 நிமிடத்தை மட்டும் கொஞ்சம் இறுக்குங்கள். மெது இழைகள் காலியாகிற நேரம் அதுதான், அங்கே சோர்ந்து நடந்துவிட்டால் மேலே சொன்ன பலன் கைக்கு வராமல் போகும்.

ஆக்லாந்தின் குளிர்ந்த காலையும் நம் ஏப்ரல் காலையும் ஒன்றல்ல. லாங் ரன்னுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே இறங்குங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். எடையில் நூற்றுக்கு இரண்டுக்குமேல் குறைந்தால் அடுத்த வாரம் வழியில் தண்ணீர் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ போதும், விலை உயர்ந்த பவுடர் தேவையில்லை. முடிந்தவரை மண்தரையில் ஓடுங்கள். ஷூ 600 முதல் 800 கி.மீ. தாங்கும், இப்போது வருடத்துக்கு மூன்று ஜோடி செலவானால் 75 கி.மீ.யில் ஐந்தாறு ஜோடி ஆகும், அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்தவர் தூரத்தைக் கூட்டினால் டைமிங் கெட்டுத்தான் போகும், பழி லாங் ரன் மேல் விழும். அறிக்கை வராமல் இரும்பு மாத்திரை எடுக்காதீர்கள், மிஞ்சினாலும் கெடுதல்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்ஓரம் நெடுக, நான்கைந்து விரல் நீளத்துக்கு வலித்து, ஓட ஓடக் குறைந்தால் அது வழக்கமான ஷின் வலி. தூரத்தைப் பாதியாக்கி இரண்டு வாரம் மண்தரையில் ஓடினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் நுனி வைக்கிற இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் கூடி, ராத்திரியும் வலித்தால் அது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக, அதாவது எலும்பில் விழும் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எக்ஸ்ரே சுத்தம் என்பதை வைத்துத் திரும்ப ஓடாதீர்கள். காலை எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பு பாருங்கள். வழக்கத்தைவிட 7, 8 கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றைய ஓட்டம் 30 நிமிடத்தோடு சரி. இவையெல்லாம் பொது அளவுகள். உங்கள் ஓட்டத்தையும் பாதத்தையும் நேரில் பார்க்காமல் இதற்குமேல் துல்லியமாக எழுதுவது சரியாக இருக்காது.

கோச்சோடு சண்டை வேண்டாம், ஸ்பீடு செத்துவிடும் என்று அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, அடித்தளக் கட்டம் முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் ஓட்டம் முடிந்ததும் 80 முதல் 100 மீட்டர் வேக ஓட்டம் ஆறு. முழு பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, நடுவில் நடந்து திரும்பி மூச்சு முழுசாக அடங்கிய பிறகு அடுத்தது. அமிலம் ஏறாது, காலும் வேகத்தை மறக்காது. போட்டி இல்லாத மாதங்களாகப் பார்த்து 12 வாரம் கேளுங்கள், அது முடிகிற வாரம் அவர் கையிலேயே ஸ்டாப்வாட்ச் கொடுத்து ஒரு 400, இரண்டு நாள் கழித்து ஒரு 3000 ஓடிக் காட்டுங்கள். 3000 மீட்டர் டைமிங் நன்றாக இறங்கியிருந்து, 400 மீட்டர் 52 விநாடிக்குள் நின்றால் மேட்டு ஓட்டத்துக்குப் போகலாம். 400 மீட்டர் 53 விநாடியைத் தாண்டியிருந்தால் நீங்கள் 400லிருந்து மேலே வரும் வகை, 55 கி.மீ.யோடு நிறுத்திக்கொண்டு வாரம் ஒரு நாள் 200களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.